பிஷ்கேக்கிலிருந்து வந்த விருந்தாளி

நான் ரஷ்ய மொழியில் டிப்ளமா வாங்கிய வருஷம்தான் சோவியத் யூனியன் இல்லாமல் போனது. அந்தக் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கும் ரஷ்யாவுக்குப் போகும் ஷூக்களுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா, "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க தெருவுக்குப் பத்து பேரு இருக்காங்க. ரஷ்யன் தெரிஞ்சவ நீ ஒருத்தியா இருப்ப" என்று சொல்லி, என்னை மெட்ராஸில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார். சர்டிஃபிகேட் கைக்கு வந்த நேரம் அந்த நாட்டின் கொடியை இறக்கிவிட்டார்கள். ஆர்டர்கள் நின்றன. பல ஷெட்டுகளுக்குப் பூட்டு விழுந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்கல்ல" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் எக்ஸ்போர்ட் செக்ஷனில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கல்யாணமாகி சத்துவாச்சாரிக்குக் குடிவந்த பிறகும் வேலையை விடவில்லை. காலையில் ஹைவே ஓரம் நின்றால் கம்பெனி வேன் வரும். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிளார்க்காக இருந்த என் கணவர், டிபன் டப்பாவோடு என்னை ஏற்றிவிட்டு டவுன் பஸ் பிடிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு ரஷ்யன் தெரியுமாமே?"

"படிச்சேன் சார். பாதி மறந்து போயிருக்கும்."

"ஞாபகப்படுத்திக்கோ. பிஷ்கேக்லருந்து ஒரு பெரிய மனுஷன் வர்றாரு."

பிஷ்கேக் எங்கே இருக்கிறதென்று பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்கூல் அட்லஸில் பார்த்துக்கொண்டேன். கிர்கிஸ்தானின் தலைநகரம். சீனாவை ஒட்டி, மலையும் மலைக்கு மேல் மலையுமாக இருக்கிற சின்ன நாடு. சோவியத் உடைந்தபோது தனியாக வந்த குடியரசுகளில் ஒன்று. அங்கே மாடும் ஆடும் ஏராளம். உப்புப் போட்ட தோலை ஈரான் துறைமுகம் வழியாகக் கப்பலில் ஏற்றினால் நமக்குக் கட்டுபடியாகும் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார்.

வந்தவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். குட்டையான ஆள், அகன்ற தோள், சிரித்தால் ஒரு தங்கப்பல் தெரியும். அமைச்சகம் ஒன்றில் அதிகாரி. அதோடு அந்த நாட்டு அதிபருக்கு வேண்டியவர். எந்தக் கசாப்புக் கூடத்துத் தோல் யாருக்குப் போகவேண்டும் என்பது அவர் தலையசைப்பில் இருந்தது. என் ரஷ்யனைக் கேட்டுவிட்டு, "பாடப் புத்தகம் எழுந்து நடந்து வந்ததுபோல் பேசுகிறீர்கள்" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது. இவ்வளவு வருஷம் கழித்து ஒருவர் அந்த மொழியில் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வருவார். பைபாஸ் ஓரம் எங்கள் கெஸ்ட் ஹவுஸ் மாடியில் தங்குவார். முதலாளி வீட்டிலிருந்து பிரியாணியும் கத்திரிக்காயும் வரும். சாப்பிட்டுக்கொண்டே தன் அதிபரைப் பற்றிப் பேசுவார்.

"சுற்றியிருக்கிற நாடுகளிலெல்லாம் பழைய கட்சித் தலைவர்களே ராஜாவாகிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும்தான் ஒரு விஞ்ஞானி கிடைத்தார். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்."

அவர் கண் கலங்கியே சொல்வார். நானும் மனம் நெகிழ்ந்தே தமிழில் சொல்வேன். முதலாளி, "கொடுத்து வெச்சவங்க" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் முதலாளி பிஷ்கேக் போயிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. இந்த மனிதர்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரிய டாக்டரை வரவழைத்தார். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆள் கண் திறக்கும்வரை நகரவில்லை. ஆம்பூர் திரும்பியதும் முதலாளி ஆபீஸ் முழுக்க அதைச் சொன்னார். "கூடப் பொறந்தவன் செய்யமாட்டான்மா. இனிமே அவரு எனக்கு அண்ணன்."

அந்த அண்ணனுடைய ஆபீஸில் ஒரு பெண் இருந்தாள். செயலாளர் வேலை. அவளை நான் பார்த்ததே இல்லை. வாரத்தில் பாதி நாள் போனில் பேசுவோம். எந்த லாரி கிளம்பியது, எந்தக் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது என்று தொடங்கி, அவள் அம்மாவின் முழங்கால் வலி, என் பையனின் கணக்குப் பரீட்சை வரைக்கும் போகும். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவர்கள் மொழியில் மூத்தவளை "எஜே" என்று கூப்பிடுவார்களாம். என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நாங்கள் அக்கா என்போம் என்றேன். அவள் ஒரே சிரிப்பு. "எங்கள் தெற்குப் பக்கத்தில் அகா என்றால் அண்ணன். உங்களை அண்ணன் என்றா கூப்பிடுவது?"

அரசியலை அவள் பட்டும் படாமலும்தான் சொல்வாள். ஆனால் 2005 தேர்தலில் அதிபரின் மகனும் மகளும் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது அவளுக்கும் அடக்க முடியவில்லை. "இனிமேல் பேரன் ஒருத்தன்தான் பாக்கி, எஜே." எங்களுக்கும் இதெல்லாம் பழக்கம்தான் என்று நான் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களில் அவள் குரல் மாறியது. தெற்கே ஊர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டன என்றாள். தலைநகரிலும் கூட்டம் சேர்கிறது என்றாள்.

அன்றைக்குப் பெரிய வியாழன். மறுநாள் புனித வெள்ளி லீவு என்பதால் கப்பல் பேப்பர்களை முடித்துவிட வேண்டுமென்று மத்தியானம் நானே அவளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எஜே, தெரு முழுக்க ஆட்கள். அதிபர் மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள் என்கிறார்கள்."

"நீ ஏன் இன்னும் ஆபீஸில் இருக்கிறாய்? வீட்டுக்குப் போ."

"அவர் இருக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் காரோடு வந்து என்னைக் கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னார். அதுவரைக்கும் ஆபீஸை விட்டு நகராதே, சாவியை யாரிடமும் கொடுக்காதே என்றார். இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்."

அவள் பேச்சுக்குப் பின்னால் கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பயமாக இருக்கிறதா?"

"அவர் வருவார் எஜே. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே."

லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் பிஷ்கேக்காரரின் செல்லுக்குப் போட்டார், அதுவும் கிடைக்கவில்லை. "அவரு பாத்துக்குவாரு. நீ வீட்டுக்குப் போமா" என்றார்.

அன்று மாலை கோயிலில் திருவிருந்து ஆராதனை. பாதிரி ஐயர், இயேசுவைச் சீஷன் ஒருவன் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் டிவி செய்தியில் இரண்டு நிமிஷம் காட்டினார்கள். வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கட்டடம். ஜன்னல் வழியாகக் காகிதங்களையும் சட்டம் போட்ட படங்களையும் வெளியே எறிகிறார்கள். அதிபர் எங்கே என்று தெரியவில்லை, நாட்டை விட்டுப் போய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று செய்தி வாசித்தவர் சொன்னார். கடைகள் சூறையாடப்படுவதையும் காட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் ஒரு முகத்தைத் தேடினேன். பிறகுதான் உறைத்தது, அவள் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

ஈஸ்டர் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. அந்த நம்பரில் மணி அடிப்பதுகூட நின்றுவிட்டது.

ஏப்ரல் பாதியில் ஒருநாள் வேனிலிருந்து இறங்கும்போதே வாட்ச்மேன் சொன்னார், "உங்க ஃபாரின்காரரு வந்துக்கிறாரு மேடம். ஒரே ஒரு பெட்டிதான்."

ஆளே பாதியாகியிருந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. எல்லை தாண்டி கஜகஸ்தானில் அல்மாத்தி போய், அங்கிருந்து டெல்லி வந்து, பழைய பிசினஸ் விசாவில் இங்கே வந்து சேர்ந்ததாகச் சொன்னார். மனைவியையும் பிள்ளைகளையும் அல்மாத்தியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார். முதலாளி அவரைக் கட்டிப் பிடித்து வரவேற்றார், சாப்பிட வைத்தார். ஆனால் இரண்டு நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கெஸ்ட் ஹவுஸ்ல வேணாம்மா. நாலு பேர் வந்து போற எடம். வேலூர்ல லாட்ஜ் போட்டுடலாம்" என்றார்.

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற லாட்ஜ்களில் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்கத்தாவிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். அவருடைய சின்னக் கண்களையும் கன்னத்து எலும்பையும் பார்த்துவிட்டு லாட்ஜ்காரர் என்னிடம், "மணிப்பூரா மேடம்? இன்னா பிரச்சனை, ஹார்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் என் கணவரும் நானும் போய்ப் பார்ப்போம். இட்லி கொண்டு போவேன். அவருக்கு இட்லி பிடிக்காது, என்றாலும் சாப்பிடுவார். செல்போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். அதிபரின் ஆட்களிடமிருந்து அழைப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு அவராகவே பேசத் தொடங்கினார்.

"அன்று காலையில்கூட அதிபர் எங்களைச் சந்தித்தார். கடைசிவரை உங்களோடு நிற்பேன் என்று சொன்னார். நாங்கள் அதை நம்பி எங்கள் ஆட்களிடமும் அதையே சொன்னோம். மத்தியானம் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. குடும்பத்தோடு போய்விட்டார். பதினைந்து வருஷம் அவருக்காகப் பேசினேன். எனக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? டிவியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது."

குலுங்கி அழுதார். என் கணவருக்கு ரஷ்யன் தெரியாது. ஆனாலும் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் தணிந்ததும், முதல் நாளிலிருந்தே கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"உங்கள் ஆபீஸ் பெண் எப்படி இருக்கிறாள்? அன்றைக்கு உங்களுக்காகக் காத்திருப்பதாக என்னிடம் சொன்னாள்."

அவர் தண்ணீர் குடித்தார்.

"அவளை நானே போய்க் கூட்டிக்கொண்டேன். ஏரிக்கரைப் பக்கம் அவள் அம்மா ஊரில் கொண்டுபோய் விட்டேன். அவள் அம்மா வழிக்கு ரொட்டிகூடக் கட்டிக் கொடுத்தாள். கவலைப்படாதீர்கள், நன்றாக இருக்கிறாள்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் தலைக்கு ஆபத்து வந்த நேரத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாரே என்று அவர் தட்டில் இன்னும் இரண்டு கறித் துண்டு வைத்தேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த கணவரிடம், "பாத்தீங்களா, இவரு அந்த அதிபரைவிடப் பெரிய மனுஷன்" என்றேன்.

அவள் போன் செய்தது அந்த வாரம்தான். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பர். "எஜே" என்ற குரலைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"அம்மா ஊரில் இருக்கிறாயா? ஏரிப் பக்கம் குளிரா?"

"எந்த ஏரி? நான் பிஷ்கேக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் எஜே. நர்ஸிடம் கெஞ்சிப் போன் வாங்கியிருக்கிறேன்."

அவள் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். பிறகு இன்னொரு மணி. இருட்டும்வரைக்கும். கூட்டம் கீழே கடைகளை உடைத்துவிட்டு மாடிக்கு வந்து இரும்புக் கதவைக் கடப்பாரையால் பெயர்த்தது. பயத்தில் பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்து விழுந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். அவள் படுக்கையில் இருக்கும்போதே புதிய அரசாங்கத்து ஆட்கள் வந்து, உன் அதிகாரி எங்கே, எதையெல்லாம் எங்கே கொண்டுபோனார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஆபீஸ் சாவியைக் கையில் பிடித்தபடி கிடந்ததால், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை எஜே. அவரை வழியில் யாராவது அடித்துப் போட்டிருப்பார்களோ என்றுதான் எனக்குப் பயம். இல்லாவிட்டால் வந்திருப்பாரே. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவர் எங்கள் ஊரில்தான் இருக்கிறார் என்று போனில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளைச் சுற்றி யார் நின்று கேட்கிறார்களோ. "உயிரோடு இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். "அப்படியா. சரி. சரி" என்றாள். அதற்குள் நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

அந்த இரண்டு "சரி"யும் இன்னும் என் காதில் இருக்கின்றன. என் வீட்டில், என் மேஜையில், நான் ஆக்கிய சோற்றைத் தின்றுகொண்டே அவள் அம்மா ரொட்டி கட்டிக் கொடுத்ததாகக் கதை கட்டிச் சொன்னாரே என்று நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது.

மறுநாளே அவரை முதலாளி வரச் சொல்லியிருந்தார். முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம். அவரும் நானும் இந்தப் பக்கம். தோல் பதனிடும் டிரம்கள் சுழலும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. பிஷ்கேக்காரர் கேட்டது ஒன்றுதான். தொழிற்சாலையில் ஆலோசகர் என்று தன்னை வைத்துக்கொண்டால் விசாவை நீட்டிக்கலாம், மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். நான் தமிழில் சொன்னேன். முதலாளி பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"சொல்லும்மா. அடுத்த மாசம் அங்கருந்து புது ஆளுங்க வர்றாங்க. இவரு இங்கக்கிறது தெரிஞ்சா பேஜாராயிடும். நான் வியாபாரம் பண்ணது அந்த நாட்டோட, இவரோட இல்ல. கோச்சிக்க வேணாம்னு சொல்லு."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ரஷ்யனில் சொன்னேன். வாயைத் திறந்து சொல்வது நானாக இருந்ததால் அவர் என்னைத்தான் முறைத்தார். பிறகு முதலாளியைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"அந்தக் குளிரில் ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாடா, நானா என்று கேளுங்கள்."

சொன்னேன். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். "அத மறக்கலம்மா. உசுருள்ள வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா எனக்கு ஃபேக்டரி ஓடணும். இத்தினி குடும்பம் இத நம்பி கீது."

"இதையும் சொல்லுங்கள்" என்றார் அவர். "தன்னை நம்பியவனைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவன் மனிதனில்லை."

அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆறு வருஷமாக அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் நானாக ஒரு சொல் பேசியதில்லை. அன்று அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பி ரஷ்யனில் கேட்டேன்.

"அவளை ஏன் அங்கே விட்டுவிட்டுப் போனீர்கள்?"

"யாரை?"

"நேற்று அவள் பேசினாள். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இருட்டும்வரைக்கும் உங்களுக்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நீங்கள் செத்துப் போயிருப்பீர்களோ என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் கவலைப்படுகிறாள்."

அவர் முகம் வெளுத்தது. தங்கப்பல் தெரிய வாய் திறந்திருந்தது.

"எல்லைக்குப் போகும் சாலை அடைபட்டுக்கொண்டிருந்தது" என்றார் கடைசியில். "திரும்பிப் போனால் நானும் மாட்டியிருப்பேன். ஆபீஸில் யாராவது இருந்தால்தான் நான் ஊருக்குள்ளேயே இருப்பதாக நினைப்பார்கள் என்று... நிலைமை சரியானதும் வந்துவிடலாமென்று நினைத்தேன்."

அப்படியென்றால் அவளை மறந்துபோய் விட்டுவிட்டு வரவில்லை. தான் தப்பிக்கத் தெரிந்தேதான் உட்கார வைத்திருக்கிறார். அதுவரைக்கும் என் மனதின் ஒரு மூலையில் அவருக்காக ஒரு சமாதானம் தேடிக்கொண்டிருந்தேன். அது அங்கேயே நின்றது.

"இன்னாமா, இன்னா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றார் முதலாளி.

"இது எங்க சொந்த விஷயம் சார்."

பிஷ்கேக்காரர் அந்த வாரமே லாட்ஜைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். மாஸ்கோவுக்கு என்று கேள்விப்பட்டேன். நான் வழியனுப்பப் போகவில்லை. என் கணவர் மட்டும், "அழுத மனுஷனுக்கு ஒரு தடவ சோறு போட்டுட்டோம்" என்று காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார். அதற்காக அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

புது ஆட்கள் சொன்னபடியே வந்தார்கள். இளைஞர்கள், நல்ல கோட்டு. எங்கள் புதிய அதிபர் மக்களோடு மக்களாக நிற்கிறவர் என்றார்கள். நான் தமிழில் சொன்னேன். முதலாளி, "கொடுத்து வெச்சவங்க" என்றார். தோல் மறுபடி வரத் தொடங்கியது. பிஷ்கேக்கில் அவள் ஊன்றுகோலோடு நடக்கப் பழகினாள். விசாரித்து விசாரித்து அலுத்துப்போய் அவளை விட்டுவிட்டார்கள். பழைய அரசாங்கத்து ஆள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் ஆபீஸ் வேலை எங்கும் கிடைக்கவில்லை. தையல் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்தாள். அவர் எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்பதை, அவள் சொந்தமாகப் போன் வைத்துக்கொண்ட பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவரைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலம். டெலிகேஷன் வருகிறது என்று கெஸ்ட் ஹவுஸுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். காரின் பின் கதவைத் திறந்துகொண்டு அவர் இறங்கினார். உடம்பு தேறியிருந்தது. புதிய அரசாங்கத்தோடு சமாதானமாகி, முன்பு இருந்ததைவிட ஒருபடி மேலான பதவியில் இருக்கிறாராம். முதலாளி படியிறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அவர் பழையபடி, "பாடப் புத்தகம் எப்படி இருக்கிறது?" என்று சிரித்தார்.

சாப்பாட்டு மேஜையில் அதே பிரியாணி. இரண்டு பேருக்கும் நடுவில் என் நாற்காலி. அவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு, வந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"என் கஷ்ட காலத்தில் எனக்கு ஓர் ஊர் இருந்தது. ஒரு சகோதரர் இருந்தார். அந்த நாட்களில் என்னைத் தாங்கியவர் இவர்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முதலாளியின் கண் நிறைந்துவிட்டது. நடிப்பில்லை, உண்மையாகவே நிறைந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லும்மா" என்றார். "கஷ்டத்துல கைவிடாதவன்தான் தோஸ்த்து. இவரு என் தோஸ்த்துன்னு சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பிஷ்கேக்காரருக்கு அந்தச் சொல் புரிந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் நண்பனுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். "தோஸ்! தோஸ்!" என்று மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினார். முதலாளி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தங்களை நம்பியவர்களைத் தெருவில் விட்ட இரண்டு பேர் என் முகத்துக்கு நேரே கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் நினைவில் வேலூர் லாட்ஜும் இல்லை, அன்று பேசிய அந்த அறையும் இல்லை. நான்தான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தேன்.

"எங்கம்மா போற?"

"வீட்டுக்கு சார். இனிமே வரமாட்டேன்."

"இன்னா? ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாக்கீது சார்." அவர் பேசுகிற மாதிரியே சொல்லிவிட்டேன் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கம்பெனி வேன் வரச் சாயங்காலம் ஆகும். பைபாஸில் நின்று அரசு பஸ்ஸில் ஏறினேன். மழையில் கண்ணாடியெல்லாம் புகை படிந்த மாதிரி இருந்தது. பள்ளிகொண்டாவைத் தாண்டும் வரைக்கும் அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் கேட்ட கணவர், "பையன் ஃபீஸுக்கு நான் பாத்துக்கறேன், விடு" என்றார். பிறகு பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ரஷ்யன் இரண்டாம் முறையாக என்னை விட்டுப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டேன். பட்டறைக்கு லீவு, வீட்டில்தான் இருந்தாள். அவர் வந்திருந்தார் என்றேன். வேலையை விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"எனக்காகவா எஜே?"

"இல்லை. எனக்காகத்தான்."

அவர் திரும்பி வந்துவிட்டதை டிவியில் பார்த்ததாகச் சொன்னாள். ஒருநாள் அவருடைய கார் அவள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போனதாம். அவள் கையைக்கூடத் தூக்கிவிட்டாளாம், பழைய பழக்கத்தில். கார் நிற்கவில்லை.

பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"எஜே, உங்கள் ஊருக்கு வந்தபோது என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"இல்லை" என்றேன். "கேட்கவில்லை."

"ம்" என்றாள். அடுத்த வாரம் அவளுடைய அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷனாம். அதற்கு அப்புறம் எத்தனை நாளில் நடக்கலாம், உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாரே, அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். நான் போனைக் காதில் வைத்தபடியே கணவரிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன்.